ரோமாபுரிக் கோயில் வாசலில் ஒரு ஜோடி டயர் செருப்பு

ரோமாபுரிக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்ததைப் பற்றித்தான் சொல்வார்கள். கோபுரம், தூண், கூரையில் வரைந்த படம். நான் அங்கே இருந்த நாள் பூராவும் குனிந்து என் மாமனாருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் காலைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும்.

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். பிறந்தது இண்டூர், கட்டிக் கொடுத்தது கடத்தூர், வேலை தர்மபுரி டெலிபோன் ஆபீசில். இந்த மூன்று ஊரைத் தாண்டிச் சேலத்துக்குப் போவதென்றாலே ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவளைப் போய் ஏரோப்பிளேனில் ஏற்றி, கூடவே மாமாவையும் என் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

காரணம் என் நாத்தனார் பிலோமினா. பதினெட்டு வயசில் சிஸ்டர் ஆகப் போகிறேன் என்று மடத்தில் சேர்ந்தாள். அவர்கள் அவளை ரோமாபுரியில் இருக்கிற பெரிய மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போனவள் போனவள்தான். என் மாமியார் செத்தபோது தந்தி போய்ச் சேருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. மாமா அதை மன்னிக்கவே இல்லை. மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டே, "அவ ஆத்தா மொகத்தப் பாக்கக்கூட வரலையே" என்று மண்ணிடம் பேசுவார். அந்த வருஷம் அக்டோபரில் பிலோவுக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் சாகிறவரை சிஸ்டர்தான், திரும்பிவர முடியாது. அந்தப் பூசைக்கு வீட்டிலிருந்து இரண்டு பேரை மடமே கூப்பிட்டது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, வேளாவேளைக்கு மாத்திரை கொடு, பத்திரமாகக் கூட்டிவா என்று சொல்லி என் கைப்பையில் மாத்திரையை வைத்து அனுப்பினார்.

ஏரோப்பிளேன் மேலே கிளம்பியதும் நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மாமா என் முழங்கையைத் தட்டினார்.

"ஏம்மா செலினு. நான் ஆசீர்வாதம் பண்ணப் போகல. அவள வூட்டுக்குக் கூப்புடத்தான் போறேன்."

ஏரோப்பிளேன் பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை மடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய இரும்புக் கதவு, உள்ளே ஆரஞ்சு மரம், சத்தமே இல்லாத வீடு. மகளைப் பார்க்கலாம் என்று மாமா வேட்டியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியாதாம். வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறவர்கள் எல்லாரும் மௌன தியானத்தில் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் வெளியே வருவார்களாம். இதை எங்களுக்குச் சொன்னது சிஸ்டர் லில்லி. பாலக்காட்டுக்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள். அதுவரைக்கும் நான் உங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், ஒண்ணும் பயப்பட வேண்டாம் கேட்டோ என்று சிரித்தாள்.

மாமா நிதானமாகக் கேட்டார், பூசையில் பெற்றவர்களுக்கு என்ன வேலை என்று. பிள்ளை வந்து முழங்கால் போடும், நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டும், அப்புறம்தான் அது பீடத்துக்குப் போகும் என்றாள் லில்லி. மாமா தலையை ஆட்டிக்கொண்டார். அவள் போனதும் என்னிடம், "அப்ப அங்கயே கேக்கறேன்" என்றார். பிஷப் இருப்பார், ஊர் உலகத்துச் சாமியார்கள் எல்லாம் இருப்பார்கள், அந்த இடத்தில் இந்த மனுஷன் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் பிலோ என்ன பண்ணுவாள்? கூட்டத்தில் அப்பன் மானமும் போய் மகள் மானமும் போய், நான் நடுவில் நின்று என்ன பண்ணுவேன்? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை நான் பார்த்த ஊரெல்லாம் அந்தக் கலக்கத்தோடு பார்த்த ஊர்.

வியாழக்கிழமை போப்பாண்டவர் பூசை வைக்கிற புனித இராயப்பர் கோயிலுக்குப் போனோம். கோயில் முன்னால் இருக்கிற மைதானத்தில் நம்ம கடத்தூர்ச் சந்தையை நாலு தடவை கூட்டலாம். சுற்றிலும் தூண். நான் தூணைப் பார்க்கவில்லை. மாமா வாசலில் நின்று தன் டயர் செருப்பைக் கழற்றி, படி ஓரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊரில் கோயிலுக்குள் யார் செருப்போடு போகிறார்கள்? அங்கே எல்லாரும் பூட்ஸ் காலோடு தடதடவென்று போகிறார்கள், சாமியார் உள்பட. லில்லி எனக்கு ஒரு கறுப்பு ஷூ கொடுத்திருந்தாள். கழற்றலாமா வேண்டாமா என்று முழித்துவிட்டு, நாலு பேரோடு நாலு பேராக நானும் ஷூவோடு உள்ளே போய்விட்டேன். மாமா என் காலைப் பார்த்தார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

லில்லி பாவம், ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, செருப்பை இதில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்றாள். செருப்பைப் பையில் போட்டுச் சாமி முன்னால் கொண்டுபோவதா என்று மாமா கேட்டார். அப்புறம் திரும்பி என்னிடம் ஒரு கண்டிஷன் போட்டார். "கூட்டத்துல பிரிஞ்சுட்டா அங்கயும் இங்கயும் தேடாத. செருப்பு வுட்ட எடத்துக்கு வந்துரு. நானும் வந்துர்றேன்."

இது எங்கள் வீட்டுச் சட்டம். தேர்த் திருவிழாவுக்குப் போனால் குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் செருப்பை விடவேண்டும், தொலைந்தவர்கள் அங்கே வரவேண்டும். பிலோ ஐந்து வயசில் ஒரு திருவிழாவில் தொலைந்துபோய், ஊரே மைக்கில் கூவிக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்குச் செருப்புக் குவியலுக்கு மேலே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என்னிடம் எத்தனை தடவை சொன்னார்கள் என்று கணக்கில்லை. ரோமாபுரியிலும் அதே சட்டமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சரிங்க மாமா என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே இராயப்பருக்கு ஒரு வெண்கலச் சிலை. வருகிற சனமெல்லாம் தொட்டுத் தொட்டு, முத்தம் கொடுத்துக் கொடுத்து, அவருடைய வலது காலில் விரலே இல்லாமல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மாமா அந்தக் காலை மட்டும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது, கோட்டுப் போட்ட காவல்காரன் ஒருத்தன் அவருடைய செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். லில்லி மொழிபெயர்த்தாள்: "இது கார் சக்கரமா, செருப்பா என்று கேட்கிறான்." மாமா இரண்டும்தான் என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு தட்டு நிறையச் சேமியா மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், கயிறு கயிறாக. அரை வேக்காடு. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றும், எனக்குத் திகில். பெட்டியில் கொண்டுவந்திருந்த கேழ்வரகு மாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சைகையில் கேட்டேன். சமையல் பார்க்கிற சிஸ்டர் இத்தாலியிலேயே வடக்குச் சீமைக்காரி, நல்ல தாட்டியான உடம்பு. நான் களி கிண்டுவதைப் பார்த்தவள் என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கித் தானே கிண்ட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் இதே களியைக் கிண்டுவார்களாம். "எங்க அம்மா கிண்டும்போது சத்தம் இதே மாதிரிதான் கேட்கும்" என்று அவள் சொன்னதை லில்லி வந்து எனக்குச் சொன்னாள். மாமா களியை உருட்டிப் பருப்புப் பொடியில் தோய்த்து வயிறு நிறையச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை பூமிக்கடியில் கூட்டிப்போனார்கள். பழைய காலத்துக் கிறிஸ்தவ வேதக்காரர்களைப் புதைத்த சுரங்கம். ஒரு ஆள் போகிற அகலம், இரண்டு பக்கமும் சுவரில் அலமாரி மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு பிணத்துக்கு. சின்னச் சின்னதாக இருந்ததெல்லாம் குழந்தைகளுக்கு. நான் வரிசையில் கடைசி. எனக்குப் பின்னால் இருட்டு. நடுவில் ஒரு தடவை விளக்கு அணைந்து எரிந்தது. சித்தேரி மலைப் பாதையில் பஸ் பின்னால் உருளும்போதுகூட நான் அப்படி நடுங்கியதில்லை. மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பயமே இல்லை. ஒரு சின்னக் குழியில் கையை வைத்து, "இத்தினியூண்டு புள்ளைக்குக்கூடப் பெத்தவங்க பக்கத்துலயே எடம் போட்டிருக்காங்க பாரு" என்றார். அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கொலோசியம். பாதி இடிந்த வட்டக் கட்டடம், உள்ளே பூனைகள். பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை லில்லி எங்களுக்குச் சொன்னாள்: இங்கேதான் மனுஷனையும் மிருகத்தையும் மோதவிட்டார்களாம், பார்க்க வந்தவர்களுக்கு வெயில் படாமல் மேலே துணி கட்டியிருந்தார்களாம். வேடிக்கை பார்க்கிறவனுக்கு மட்டும் பந்தலா என்றார் மாமா. லில்லி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அந்த நடுக்களத்தில் நிற்கப்போவது போலத்தான் இருந்தது. திரும்பும் வழியில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், தனியாகக் கேட்கக் கூடாதுங்களா மாமா, பூசை முடிந்ததும் என்று. பூசை முடிந்தால் கதவு சாத்தினமாதிரி, அப்புறம் கேட்டு என்ன என்றார்.

சனிக்கிழமைதான் என் ஈரக்குலை நடுங்கிய நாள்.

காலையில் பெரிய மாதா கோயில் பார்த்தோம். ரயில் நிலையத்துக்குப் பக்கம், நடந்தே போகலாம். முன்வாசல் மண்டபத்தில் மாமா வழக்கம்போலச் செருப்பை விட்டார், திரும்ப வந்து போட்டுக்கொண்டார். அங்கிருந்து நடந்து ரயில் நிலையத்துக்கு வந்து, தரைக்கடியில் ஓடுகிற ரயிலைப் பிடிக்க இறங்கினோம். அடுத்து அருளப்பர் கோயில், ஆண்டவர் ஏறின படிக்கட்டு அங்கே இருக்கிறது என்று லில்லி சொல்லிக்கொண்டே வந்தாள். படி தானாக நகர்கிறது. நான் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே கூட்டமென்றால் கூட்டம், அடிவயிற்றில் உறுமல் மாதிரி ரயில் சத்தம்.

ரயில் வந்தது. லில்லி ஏறினாள். நான் ஏறினேன். மாமா ஒரு காலை உள்ளே வைத்தார், அவருடைய ஒரு செருப்பு கழன்று பிளாட்பாரத்தில் விழுந்தது. குனிந்து எடுக்கத் திரும்பினார். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையில் ஒற்றைச் செருப்போடு அவர் நின்றதை நான் பார்த்தேன். நான் கதவைத் தட்டினேன். ஒரு அம்மாள் என்னைப் பிடித்து ஏதோ சொன்னாள். தட்டாதே, திறக்காது என்றிருப்பாள். ரயில் குகைக்குள் போய்விட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தோம். பிளாட்பாரத்தில் சனம் நின்றது. மாமா இல்லை. அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடினேன். இல்லை. வேட்டி கட்டின ஆளை அந்த ஊரில் எவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்துவிடலாம், அப்படியும் இல்லை. லில்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் போலீஸில் சொல்லிவிட்டு வருகிறேன், நீ இந்தப் பலகைக்குக் கீழேயே நில், ஓரடி நகராதே, உன்னையும் தொலைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நின்றேன். ஒவ்வொரு ரயில் வரும்போதும் தண்டவாளத்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாத மனுஷன். மத்தியான மாத்திரை நேரம் தாண்டிவிட்டது, மாத்திரை என் பையில். மடத்து விலாசச் சீட்டும் என் பையில்தான், அதை அவர் சட்டைப்பையில் வைக்க வேண்டும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? எங்கேயாவது மயக்கம் போட்டு விழுந்தால் யாரென்று தெரிந்து யாரிடம் சொல்வார்கள்? என் வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்வேன்? பிலோ நாளைக்கு மௌனம் கலைந்து வெளியே வருவாள். ஆத்தா சாவுக்கு வர முடியாதவள். அவளிடம் உங்கப்பா உன்னைப் பார்க்க வந்தார், நான் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

பக்கத்துச் சுவரில் டெலிபோன் இருந்தது. மடத்துக்குப் பேசலாம், ஒருவேளை யாராவது அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால்? அந்த ஊர் டெலிபோனுக்குக் காசு போடக் கூடாது, கோடு போட்ட ஒரு வில்லை போட வேண்டும், லில்லி எனக்கு ஒன்று கொடுத்து வைத்திருந்தாள். தர்மபுரி ஜில்லாவில் பாதிப் பேருக்கு லைன் போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்கே வில்லை இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. கடைசியில் மணி அடித்து ஒரு குரல் எடுத்தது. மாமா, இந்தியா, பாதர், அப்பா என்று என்னென்னமோ சொன்னேன். அந்தப் பக்கம் பொறுமையாக ஏதோ பதில் சொன்னார்கள். ஒன்றும் புரியவில்லை. லைன் கட்டாகிவிட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

அழுதுகொண்டே குனிந்தபோது என் காலில் இருந்த கறுப்பு ஷூ கண்ணில் பட்டது. அப்போதுதான் பளிச்சென்று வந்தது. செருப்பு விட்ட இடம்.

லில்லி நகராதே என்று சொல்லியிருந்தாள். நகர்ந்தேன். நகர்கிற படியில் கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறினேன். மேலே வந்து தப்பான வாசலில் போய், திரும்பி, இன்னொரு வாசலில் வெளியே வந்தேன். ரோட்டில் கார்கள் ஆளைப் பார்த்து நிற்பதே இல்லை. ஒரு கிழவர் நாயோடு கடந்தார், அந்த நாய்க்குப் பின்னால் நானும் கடந்தேன். தூரத்தில் மாதா கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. அதைப் பார்த்தபடியே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்த ஜெபம் பாதியில் நின்று நின்று போனது.

கோயில் படிக்கட்டில் யாரும் இல்லை.

இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் உட்கார்ந்தே விட்டேன். அப்புறம்தான் அந்தப் படிக்கட்டையே நான் காலையில் பார்க்கவில்லை என்று உறைத்தது. அது கோயிலின் பின்பக்கம். அவ்வளவு பெரிய கோயிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

மண்டபத்துத் தூணில் சாய்ந்து மாமா உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டையும் கழற்றி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்திருந்தார். செருப்பின் மேல் காகிதத்தில் சுற்றின ஒரு ரொட்டி. பக்கத்தில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பிச்சைக்காரி அவரை முறைத்துக்கொண்டிருந்தாள், தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டானே என்று.

"வந்துட்டியா" என்றார் மாமா. "எங்கம்மா போன இவ்வளவு நேரம்?"

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், நடு ரோமாபுரியில், பிச்சைக்காரி முன்னால், என் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். உங்களுக்கென்ன, நீங்கள் பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டீர்கள், அங்கே என் உயிர் போய் உயிர் வந்தது என்றேன். பேசிக்கொண்டே மாத்திரையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, தண்ணீரில்லாமலே விழுங்கினார். யாரோ ஒரு நல்ல அம்மா ரொட்டி வைத்துவிட்டுப் போனாள், ஏன் என்று தெரியவில்லை, கேட்கவுமில்லை, நீயும் பாதி தின்னு என்றார். பிச்சை என்று அவருக்குத் தெரியவே இல்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாகப் பிய்த்து அந்தக் கறுப்பு முக்காடுக்காரிக்கும் கொடுத்தார்.

தின்றுகொண்டிருக்கும்போது, "புள்ள அன்னிக்கு இப்படித்தான் வந்து ஒக்காந்திருந்துச்சு. தொலஞ்சோமேன்னு ஒரு சொட்டு அழல" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்குக் கேக்கத்தான் போறேன்" என்றார். காலையில் வந்த கோயிலாயிற்றே என்று தேடி வந்து லில்லி எங்களைக் கண்டுபிடித்தபோது என்னைத் திட்டின திட்டில் பாதி மலையாளம், பாதி இத்தாலி. வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரையை நீட்டினேன். மாமா வாங்கவில்லை. கேட்டுவிட்டு வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு. என் கைக்குள் அந்த மாத்திரையை மடக்கி வைத்துக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

மடத்துக் கோயில் சின்னது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். நானும் அன்றைக்கு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். பளிங்குத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. எங்களுக்கு முன்வரிசையில் இடம். பாட்டு ஆரம்பித்தது. வார்த்தைப்பாடு கொடுக்கிற பெண்கள் கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். நாலு நாளாகப் பழகிப்போய் நான் காலைத்தான் பார்த்தேன். கறுப்பு ஷூ, கறுப்பு ஷூ, கறுப்பு ஷூ. கடைசியாக வந்தவள் வெறுங்காலில் வந்தாள்.

அதற்கப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பிலோ. இளைத்திருந்தாள். அவள் அம்மாவுடைய மூக்கு. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். மாமியார் இடத்தில் நான் கூடப் போனேன். பிலோ எங்கள் முன்னால் முழங்கால் போட்டாள். பிஷப், சாமியார்கள், இத்தாலிக்காரச் சனம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையைத் தூக்கினார், தூக்கின கை நெற்றிக்குப் போகாமல் நின்றது.

"சாமி," என்றார் மகளிடம் மெதுவாக. "வூட்டுக்கு வந்துர்றியா?"

கோயிலில் எல்லாரும் அதை ஆசீர்வாதம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பிலோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"இல்லப்பா. நான் தொலஞ்சு போகலப்பா."

மாமா அப்படியே நின்றார். பாட்டுக்காரச் சிஸ்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவருடைய கட்டை விரல் இறங்கி மகளின் நெற்றியில் சிலுவை போட்டது, ஒரு தடவை, மறுபடி இன்னொரு தடவை. "இது ஒங்க ஆத்தாளுக்கு" என்றார். பிலோ எழுந்து பீடத்துக்குப் போனாள்.

பூசை முடிந்து நாங்கள்தான் முதலில் வெளியே வந்தோம். வாசலில் அவருடைய டயர் செருப்பு இருந்தது. பக்கத்தில் என் ஷூ. அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி கறுப்பு ஷூ, குதிகால் தேய்ந்தது, பிலோவுடையது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மாமா குனிந்து அதை நிமிர்த்தி, இரண்டையும் ஒட்டி ஓரமாக வைத்தார். அப்புறம் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"மாத்திரையக் குடும்மா."

கைக்குள்ளேயே வைத்திருந்ததில் வேர்வையில் அது பாதி கரைந்திருந்தது. பைக்குள் கையை விட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.